அமீன் சோதனையும் ஒரு ‘பாஸ்’ முத்திரையும்: திருப்பூர் ஆய்வகச் சேவை ஒன்றைப் பற்றி

சாயமேற்றிய துணியில் புற்றுநோயூட்டும் அமீன்கள் இருக்கின்றனவா என்று சோதித்துத் தரும் ஆய்வகங்கள் திருப்பூரில் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிடம் ஆறு ஆண்டுகளாகத் துணி கொடுத்து வருகிறேன். குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு ஆய்வகத்துக்கு மட்டும் உரியதும் அன்று. என்னுடையது குழந்தைகளின் பனியன் உடைகளைத் தைக்கும் சிறிய நிறுவனம். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு மிஷின்கள் ஓடுகின்றன. நிட்டிங், சாயம், காம்பேக்டிங் ஆகியவை வெளியில் நடக்கின்றன; கட்டிங் முதல் பேக்கிங் வரை எங்களிடம். பெரிய ஏற்றுமதியாளர்களைப் போல இதற்கென்று தனி ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாத என் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெளிப்பார்வைக்கு இந்தச் சேவையில் குறை காண்பது கடினம். காலையில் போன் செய்தால் மதியத்துக்குள் பையன் ஒருவன் வந்து சாம்பிளை வாங்கிச் செல்கிறான். நான்கு வேலை நாட்களில் ரிப்போர்ட் மெயிலில் வந்துவிடுகிறது. கூடுதல் கட்டணம் கொடுத்தால் இரண்டே நாட்களில் தருகிறார்கள். அந்த வாக்கு ஆறு ஆண்டுகளில் இரண்டு முறைதான் தவறியிருக்கிறது. ஒரு சோதனைக்கு இப்போது 2,100 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் ஆகின்றன. ஆய்வகங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறது. அங்கீகாரம் இருக்கிறது என்ற பலகையோடு நின்றுவிடாமல், நமக்கு வேண்டிய சோதனை முறை அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் தனியாக இடம்பெற்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவர்களிடம் அது இருக்கிறது.

எதற்காக இந்தச் சோதனை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பணம் கட்டுகிறவர்களில் பலருக்கும் இது ஷிப்மெண்டுக்கு வேண்டிய ஒரு காகிதம் என்ற அளவில்தான் தெரியும். 1895-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர், மெஜந்தா சாயம் தயாரித்த ஆலையின் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் காணப்படுவதை முதன்முதலாக எடுத்துச் சொன்னார். சாயத் தொழிலில் புழங்கிய பென்சிடின், 2-நாப்தைலமீன் போன்ற அரோமாட்டிக் அமீன்கள்தாம் இத்தகைய கட்டிகளுக்குக் காரணம் என்பது பின்னர் படிப்படியாக உறுதிப்பட்டது. இன்று அவை இரண்டும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகுத்த பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் இருக்கின்றன. மூலக்கூறில் இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பை (அசோ பிணைப்பு) கொண்ட அசோ சாயங்களில் சில, உடலில் உள்ள நொதிகளாலும் நுண்ணுயிர்களாலும் உடைக்கப்படும்போது இதே அமீன்களைத் திரும்ப வெளியிடக்கூடியவை. எல்லா அசோ சாயங்களும் அப்படிப்பட்டவை அல்ல, ஒரு சிறு பகுதிதான். ஆனால் எங்கள் சரக்கை உடுத்துகிற வயதில் பிள்ளைகள் சட்டையின் கழுத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டேதான் இருக்கும்.

ஜெர்மனி 1994-ல் இத்தகைய சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தபோது ஊரே கலங்கியதாக என் பெரியப்பா சொல்வார். இந்திய அரசு பென்சிடின் வழிவந்த 42 சாயங்களை முதலிலும், 1997-ல் மேலும் 70 அசோ சாயங்களையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் பொது ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அது இப்போது ரீச் என்ற ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டத்தின் 17-ஆம் இணைப்பில் 43-ஆம் பதிவாக இருக்கிறது. தோலோடோ வாயோடோ நீண்ட நேரம் ஒட்டியிருக்கக்கூடிய துணியிலும் தோலிலும், பட்டியலிட்ட 22 அமீன்களில் எதுவும் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். திருப்பூரில் எல்லோரும் ‘அசோ ப்ரீ’ என்று சொல்வது இதைத்தான். சாயம் என்றாலே நம்மூர்ப் பேச்சு நொய்யல் ஆற்றுக்கும் சாயக்கழிவின் உப்புக்கும் போய்விடுகிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு அது இயல்புதான் என்றாலும், துணிக்குள்ளேயே தங்கிவிடுகிற சாயத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இந்த ஆய்வகத்தின் முதல் சிறப்பு, கேட்டால் உள்ளே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள் என்பது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் நேரில் போனேன். துணியைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டி, ஒரு கிராம் எடையிட்டு, மூடியுள்ள கண்ணாடிக் குழாயில் சிட்ரேட் கரைசலோடு போட்டு, 70 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் வைத்தார்கள். பிறகு ஒரு வெள்ளைப் பொடியின் கரைசலை உள்ளே செலுத்திக் குலுக்கினார்கள். அடர்ந்த நீலமாக இருந்த துணித் துணுக்குகள் என் கண்ணெதிரே வெளிறத் தொடங்கின. மூக்கில் ஏறிய வாசம் பழகிய வாசமாக இருந்ததால் என்ன பொடி என்று கேட்டேன். சோடியம் டைதயோனைட் என்றார்கள். நம் சாயப்பட்டறைகளில் ஷேடு தவறிய துணியிலிருந்து சாயத்தை உரிக்கப் போடுகிற அதே ஹைட்ரோஸ்தான் அது. பட்டறையில் தவற்றை அழிக்க உதவும் பொடி, இங்கே அசோ பிணைப்பை உடைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் அமீனை வெளியே இழுக்க உதவுகிறது. அதன்பின் கரைசலை ஒரு வடிகுழாயில் ஊற்றி, ஈதர் வகைக் கரைப்பானால் அமீனைப் பிரித்தெடுத்து, கலவையில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஜி.சி.எம்.எஸ். இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த இயந்திரத்தின் திரையில் எழும் கோடுகளை எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பொறுப்பில் இருக்கும் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். இந்த விமர்சனத்தில் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அவருக்கே உரியது.

குறை என்று சொன்னேனே, அது சென்ற ஆண்டு நேர்ந்தது. ஐரோப்பிய ஆர்டர் ஒன்று, 2,400 பீஸ். உடல் துணி கடல் நீலம், கை ரிப் சாம்பல், கழுத்தின் உட்புறம் வைத்துத் தைக்கும் டேப் மெரூன். உடல் துணியும் ரிப்பும் நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் பட்டறையில் சாயமேற்றியவை. டேப்பை மட்டும் கடையில் சுருளாக வாங்கினோம். மூன்றையும் சோதனைக்கு அனுப்பினேன். நான்காம் நாள் ‘பாஸ்’ என்று பச்சை முத்திரையிட்ட ரிப்போர்ட் வந்தது. கட்டணம் ஒரு சோதனைக்கானதுதான் வந்திருந்தது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் சலுகை என்று மகிழ்ந்திருப்பேன். தையல் முடிந்து செக்கிங் நடந்துகொண்டிருந்தபோது, பையிங் ஆபீஸிலிருந்து ஒவ்வொரு அமீனுக்குமான எண்களை அனுப்பச் சொன்னார்கள். ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். எண்கள் அடங்கிய பக்கத்தை அந்தப் பெண்தான் அனுப்பினார். 21 அமீன்களுக்கு நேராகக் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. ஆர்த்தோ-அனிசிடின் என்ற ஒன்றுக்கு நேராக மட்டும் 14 என்றிருந்தது.

பதினான்கு முப்பதுக்குக் கீழேதானே என்று நான் விட்டிருப்பேன். பத்து நிமிடத்தில் அவரே திரும்ப அழைத்தார். “அண்ணா, அந்தப் பதினாலைப் பார்த்துட்டு சும்மா விட்றாதீங்க. மூணு கலரையும் ஒண்ணா வெட்டிப் போட்டு ஓட்டினதுங்க அது. இது எந்தக் கலர்ல இருந்து வருதுன்னு தனித்தனியாப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார். அப்போதுதான் விளங்கியது. மூன்று நிறங்களிலிருந்தும் சம எடை எடுத்து ஒரே குழாயில் போட்டால், ஒன்றில் மட்டும் இருக்கும் அமீன் மற்ற இரண்டின் எடையால் மூன்றில் ஒரு பங்காக நீர்த்துவிடும். பதினான்கை மூன்றால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. மறுநாள் டேப்பை மட்டும் தனியாக ஓட்டியதில் 43 வந்தது. துணிக்கும் ரிப்புக்கும் ஒன்றுமில்லை.

மூன்று நிறங்களைச் சேர்த்து ஓட்டுவது விதிக்குப் புறம்பானது அன்று. செலவைக் குறைக்க உலகெங்கும் செய்வதுதான். ஆனால் சேர்த்து ஓட்டியதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்; கூட்டு எண் ஐந்தையோ பத்தையோ தாண்டினாலே, வாடிக்கையாளர் கேட்காமல் பிரித்து ஓட்டியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை நான் பிறகுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாகக் கண்டுபிடித்தேன். எண்ணை மறைத்துவிட்டு முத்திரையை மட்டும் காட்டுகிற வழக்கம்தான் இந்தச் சேவையின் மிகப்பெரிய குறை என்று கருதுகிறேன். முத்திரையை வைத்தவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். கேள்வியை நான் தவறாகக் கேட்டிருந்தேன்.

அந்த வாரத்தில் நான் அந்தப் பெண்ணிடம் கேட்ட இன்னொரு கேள்வி: 43 ஆபத்து, 29 பாதுகாப்பு என்று எப்படிப் பிரித்தார்கள்? அவர் சிரித்துவிட்டு, “முப்பது வரைக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாரும் சொல்லலீங்கண்ணா. முப்பதுக்கு மேல வந்தா, இந்தச் சாயத்தைப் போட்டிருக்காங்கன்னு அடிச்சுச் சொல்லலாம், அவ்வளவுதானுங்க” என்றார். பிறகு சட்டத்தின் வாசகத்தைத் திரையில் காட்டினார். “கண்டறியத்தக்க அளவில், அதாவது கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல்” என்ற பொருளில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. அதாவது முப்பது என்பது ஆய்வகத்தின் கண்ணுக்கு உரிய எல்லை, குழந்தையின் தோலுக்கு உரிய எல்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சீனாவின் ஜி.பி. 18401 தர விதியில் இதே வகை அமீன்களுக்கு 20 என்று இருக்கிறது. ஓக்கோ-டெக்ஸ் என்ற துணிப் பாதுகாப்புச் சான்றிலும் 20தான். 25 வந்த துணி ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கலாம், ஷாங்காயில் இறங்க முடியாது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் சிறுநீர்ப்பையும் ஒன்றுதான்.

மரபணுவை நேரடியாகத் தாக்கும் புற்றுநோயூட்டிகளுக்கு, இதற்குக் கீழே முற்றிலும் தீங்கில்லை என்று கோடு கிழிக்க முடியாது என்பதே ஒழுங்குமுறை அமைப்புகளின் பொதுவான நிலைப்பாடு. ஆகவே ஒவ்வொரு நாடும் வேறு ஏதாவதொன்றைக் கோடாகப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1958-ல் இயற்றிய டிலேனி விதி, விலங்கிலோ மனிதரிலோ புற்றுநோய் உண்டாக்கும் எதையும் உணவில் சேர்க்கவே கூடாது என்றது. இயந்திரங்கள் கூர்மையாகக் கூர்மையாக, நேற்று இல்லை என்றிருந்ததெல்லாம் இன்று இருக்கிறது என்றாகி, பூச்சிமருந்து எச்சங்களுக்கு அந்த விதியை 1996-ல் விலக்க வேண்டி வந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போனது: ஒரு லட்சம் பேர் வாழ்நாள் முழுவதும் அந்த அளவுக்கு ஆட்பட்டால் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரக்கூடிய அளவு எதுவோ, அதைக் குறிப்பிடத்தக்க ஆபத்தில்லாத அளவாக வைத்துக்கொண்டது. அது ஒரு கணக்கு, ஓர் ஒப்பந்தம். அந்த லட்சத்தில் ஒருவர் யார் என்று கேட்க முடியாது என்பதால்தான் ஒப்பந்தம் நிற்கிறது.

இதே ஆய்வகத்தில், துணியில் தங்கக்கூடிய இன்னொரு வேதிப்பொருளான பார்மால்டிஹைடுக்கும் சோதனை செய்கிறார்கள். அது மலிவு, விரைவு, எனக்கு இதுவரை சிக்கல் வந்ததில்லை. சுருங்காத் துணிக்கான பினிஷிங்கிலும் பிக்மெண்ட் பிரிண்டிங்கிலும் அது வரக்கூடும். தோலில் படும் துணிக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரம்பு. ஜப்பானில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் துணியில் கண்டறியப்படவே கூடாது. நடைமுறையில் அது ஏறத்தாழ 16.

அவர்கள் அளிக்கும் மூன்றாவது சேவை, வேலையிடத்துக் காற்றை அளப்பது. இதைத் திருப்பூரில் சிறு நிறுவனங்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் ஓர் அமெரிக்க வாங்குபவர் கேட்டதால்தான் செய்தேன். எங்களிடம் ஏரியா பிரிண்ட் போடும் மேசை ஒன்றும் அதைக் காய வைக்கும் கியூரிங் மிஷின் ஒன்றும் இருக்கின்றன. மிஷினில் துணி எடுத்து அடுக்கும் அக்காவின் சட்டைக் காலரில், மூக்குக்கு ஒரு சாண் கீழே, விரல் நீளமுள்ள கண்ணாடிக் குழாயைக் கிளிப் போட்டு மாட்டி, இடுப்பில் சிறு பம்பைக் கட்டிவிட்டார்கள். எட்டு மணி நேரம் அவர் அதைச் சுமந்தே வேலை செய்தார். மதியம் சாப்பிடும்போது கழற்றலாமா என்று கேட்டவரிடம், அவர் மூச்சு விடுகிற இடமெல்லாம் அதுவும் வர வேண்டும் என்றார்கள். பார்மால்டிஹைடு 0.2 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.2 பங்கு, என்று முடிவு வந்தது. ரிப்போர்ட்டில் ‘வரம்புக்குள்’ என்று எழுதியிருந்தது.

டேப் விவகாரத்தில் பட்ட சூடு ஆறாததால், யாருடைய வரம்பு என்று கேட்டேன். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரி 0.75 பிபிஎம். அதே நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனமான நயோஷ் பரிந்துரைப்பதோ 0.016 பிபிஎம். ஒன்றின்படி நான் நல்ல முதலாளி. மற்றொன்றின்படி என் கியூரிங் மிஷின் பக்கம் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஓஷாவின் எண் சட்டமாக நிற்க வேண்டியது. குறிப்பிடத்தக்க ஆபத்து இருப்பதை முதலில் நிறுவ வேண்டும் என்று 1980-ல் பென்சீன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, தொழிலால் தாங்க முடியுமா என்பதையும் ஓஷா பார்க்க வேண்டும். நயோஷுக்கு அந்தக் கட்டு இல்லை. அன்றைக்கு இயந்திரத்தால் நம்பகமாக அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவையே அது பரிந்துரையாக வைத்தது. நம் நாட்டிலும் போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, வேலையிடத்து வேதிப்பொருட்களுக்கான வரம்புகளை ஓர் அட்டவணையாகச் சேர்த்தார்கள். அட்டவணையில் எண் இருப்பதும், எங்கள் சந்தில் ஒருவர் வந்து அளந்து பார்ப்பதும் வெவ்வேறு செய்திகள்.

கியூரிங் மிஷினின் வாயில் புகைபோக்கி வைத்து, காற்றை வெளியே இழுக்கும் விசிறி போட்டேன். 38,000 ரூபாய் ஆனது. மறுபடி அளந்ததில் 0.06 வந்தது. இந்த இரண்டாம் அளவுக்கு ஆய்வகம் பாதிக் கட்டணம்தான் வாங்கியது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஆக, இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேனா என்றால், பரிந்துரைக்கிறேன். ஆனால் சாம்பிள் பையோடு போகும் சீட்டில், நிறங்களைச் சேர்க்காமல் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்றும், 22 அமீன்களுக்கும் எண் வேண்டும் என்றும் கையால் எழுதி அனுப்புங்கள். எழுதாவிட்டால் பச்சை முத்திரைதான் வரும். செலவு கட்டுப்படியாகாதவர்கள், கடையில் வாங்கும் டேப், லேபிள், நாடா, பைப்பிங் ஆகியவற்றையாவது பிரித்துக் கொடுக்கலாம். பட்டறைச் சாயத்தை நாம் கேட்டுப் போடுகிறோம், கடைச் சுருளுக்குச் சாயம் போட்டவர் யாரென்றே தெரியாது. லைக்ரா கலந்த துணியோ பாலியூரித்தேன் பூச்சோ இருந்தால் அதையும் சீட்டில் எழுத வேண்டும். பாலியூரித்தேனே சில அமீன்களை விடுவித்துச் சாயத்தின் மேல் வீண்பழி போடச் செய்யக்கூடும் என்பதை அந்தப் பெண் எனக்கு இருமுறை சொல்லியிருக்கிறார். பில்லில் என் ஜி.எஸ்.டி. எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டதைப் பெரிதுபடுத்தப் போவதில்லை.

உள்நாட்டுக் கடைகளுக்கும் நாங்கள் ஆண்டுக்கு நான்கைந்து லாட் தைக்கிறோம். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும் கோயம்புத்தூர்க் கடைகளுக்கும் போகும் அந்தச் சரக்குக்கு, இத்தனை ஆண்டுகளில் ஒரு வியாபாரிகூட அமீன் ரிப்போர்ட் கேட்டதில்லை. விலையையும் ஷேடையும் கேட்பார்கள், துவைத்தால் சுருங்குமா என்று கேட்பார்கள். சென்ற ஆண்டிலிருந்து அவற்றின் டேப்பையும் தனியாக ஓட்டுகிறேன். பீஸுக்கு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. என் பங்காளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, யாரும் கேட்காததற்கு ஏன் தண்டம் அழுகிறாய் என்றார்; அவருக்குப் பேத்தி பிறந்து அப்போது ஏழு மாதம்.

அந்த 2,400 பீஸிலும் கழுத்து டேப்பைப் பிரித்து வேறு டேப் வைத்துத் தைக்க எட்டு நாட்கள் பிடித்தன; இரண்டு நாள் தாமதத்துடன் சரக்கு போய்ச் சேர்ந்தது. டேப் கடைக்காரரிடம் 43 என்ற ரிப்போர்ட்டைக் காட்டினேன். “ஏனுங்க, ஊர் முழுக்க இதைத்தான் வாங்கித் தைக்கிறாங்க, உங்களுக்கு மட்டும் என்னங்க ஆச்சு?” என்று வியந்தாரே தவிர, பணத்தைத் திருப்பித் தர மறுக்கவில்லை. மீந்த சுருள்களைக் கொடுத்துவிட்டால் வேறு யாருக்காவது தள்ளிவிடுவேன் என்றார். அதற்காகவே பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது சுருள்கள், சாக்கில் கட்டி, எங்கள் கட்டிங் ரூம் பரணில் கிடக்கின்றன. அவர் இதுவரை இரண்டு முறை ஆளனுப்பிக் கேட்டுவிட்டார்.